முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள்

என் கணவர் ஆசகேல் ப்ரூவெட்டின் வாயை அடைத்தவள் நான்தான். சண்டை போட்டு அல்ல. ஒரு பழைய நோட்டைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டரை வருடம் உயிரோடிருந்தார். சபையில் ஒரு நாளும் எழுந்து பேசவில்லை.

எங்கள் ஊர் ஆல்டர் க்ரீக்கில் இன்றைக்கும் என்னைக் கண்டால், "சிஸ்டர் கெசையா எழுதிட்டா எழுதினதுதான், கர்த்தரே வந்தாலும் மாத்த முடியாது" என்று சிரிப்பார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று குத்தும்.

சபைக்கு எழுத்தர் என்று பேருக்கு ஒருவர் இருந்தார், ரிக்ஸ். அவர் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதனால் குறிப்பேடு என் கைக்கு வந்தது. யார் ஜெபித்தார்கள், யார் சாட்சி சொன்னார்கள், எந்தக் குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள், எல்லாம் நான் எழுதினேன். இங்கே எழுதப்படுவது பரலோகத்திலும் எழுதப்படும் என்று நம்புகிற ஜனங்கள் நாங்கள். கடைசி நாளில் புத்தகங்கள் திறக்கப்படும்போது என் கையெழுத்தும் அங்கே விரிந்து கிடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொடுவேன். கர்வம் வராமல் இருக்குமா?

மாதந்தோறும் வரும் உபவாச நாளில் எங்களிடம் பிரசங்கம் கிடையாது. யாரை ஆவி ஏவுகிறதோ அவர் எழுந்து சாட்சி சொல்லலாம். ஆகஸ்ட் மாதம் என்றால் அது ஆசகேலின் மாதம். மற்றவர்கள் சுருக்கமாக முடித்துக்கொண்டு அவருக்கு இடம் விடுவார்கள். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுவார். ஒவ்வொரு வருடமும் ஒரே சாட்சிதான், எங்கள் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசி செத்த ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்துநாலாம் வருடத்துச் சாட்சி.

"அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. ஜூன் மாசம் தீர்க்கதரிசியைச் சிறையில வச்சுச் சுட்டுட்டாங்க. இனிமே யாரு நம்மள நடத்தப் போறான்னு தெரியாம, நாவூ ஊரே மேய்ப்பன் இல்லாத ஆடு மாதிரி நின்னுச்சு. ஆகஸ்ட் எட்டாம் தேதி தோப்புல கூட்டம்னாங்க. அப்பாவும் நானும் ஒன்றரை நாள் வண்டி ஓட்டிக்கிட்டுப் போனோம். ஆயிரக்கணக்குல ஜனம். எனக்கு ஒண்ணும் தெரியல. அப்பா என்னைத் தூக்கி வண்டிச் சக்கரத்து மேல நிக்க வச்சு, விழாம இருக்க முதுகுல கையை வச்சுக்கிட்டார். நம்ம சபை அப்போஸ்தலர் ஒருத்தர் பேச எந்திரிச்சார். பேசிக்கிட்டே இருக்கும்போது குரல் மாறுச்சு. செத்துப் போன மனுஷனோட குரல். முகத்தைப் பாத்தா, அதே முகம். பயந்து போய் அப்பாவைத் திரும்பிப் பாத்தேன். அப்பா அழுதுக்கிட்டிருந்தார். அவர் கை என் முதுகுல நடுங்குச்சு. இனிமே யாரு பின்னாடி போகணும்னு அப்போ எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். அந்தக் குளிர்காலத்திலேயே அவர் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். சாட்சியில் அதைச் சொல்லமாட்டார். ஆனால் கேட்கிற எல்லாருக்கும் தெரியும்.

அந்தத் தோப்பு அதிசயத்தைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எங்கள் பள்ளத்தாக்கில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். வருடம் ஏற ஏற அவர்கள் தொகையும் ஏறியது. எல்லாரையும் கொண்டுபோய் நிறுத்தினால் தோப்பு கொள்ளாது என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். ஆனாலும் என் மனதுக்குள் ஒரு எரிச்சல் உண்டு. எங்கள் ஜனத்தில் இரண்டு சாதி: தீர்க்கதரிசியைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒன்று, கப்பலேறிப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் மற்றது. நான் இங்கிலாந்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். ஆசகேலுக்கு இரண்டாம் மனைவி; எங்கள் ஜனத்தில் அப்போது அந்த வழக்கம் உண்டு. மூத்தவள் லொவைனா அக்கா நாவூவில் வளர்ந்தவள். அன்றைக்குக் குளிர்காய்ச்சலில் படுத்திருந்ததால் தோப்புக்குப் போகவில்லை என்று அவளே சொல்வாள். ஆனால் அந்தத் தெருக்கள், அந்த ஆறு, அந்தக் கொசு, எல்லாம் அவர்கள் இரண்டு பேருடைய சொத்து. முப்பத்தைந்து வருடமாக நான் அதன் வேலிக்கு வெளியே நின்றேன். வேலியைத் தாண்ட எனக்கு இருந்த ஒரே வழி என் பேனா.

தொண்ணூற்றேழாம் வருடம், நாவூவிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் ஜனம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து ஐம்பது வருடம் நிறைந்தது. நகரத்துத் தலைமைச் சபையிலிருந்து கடிதம் வந்தது: நாவூ நாட்களைக் கண்ணால் கண்டவர்களின் பெயர்களைக் கையெழுத்தோடு அனுப்புங்கள், அச்சில் போடப் போகிறோம். கூடவே வீடுகளில் கிடக்கிற பழைய புத்தகங்களையும் திரட்டுங்கள். பிஷப் லண்ட்கிரென் ஒரு மாவுச் சாக்கு நிறையக் கொண்டுவந்து என் மேசை மேல் கொட்டினார். அதில் ஹேசல் ரன் கிளைச் சபையின் குறிப்பேடு ஒன்று. ஹேசல் ரன் என்றால் ஆசகேலின் குடும்பம் இருந்த குடியிருப்பு, நாவூவிலிருந்து ஒன்றரை நாள் தூரம். எழுதியவர் தாடியஸ் கோல் என்று அட்டையில் இருந்தது. கை நேராக நாற்பத்துநாலாம் வருடத்து ஆகஸ்ட் மாதத்துக்குத்தான் போயிற்று. கணவர் வீட்டுச் சங்கதி, எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது.

வரி அங்கே இருந்தது. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் லொவைனா அக்காவின் சமையலறைக்குள் நுழைகிறேன், அவளும் ஆசகேலும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "என்ன சிரிப்பு?" என்றேன்.

"அது நாவூ விஷயம்டி. உனக்குச் சொன்னா புரியாது. நீ அங்க இருந்தாத்தானே" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வஞ்சகமில்லாமல்தான் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து பிஷப் படிவத்தோடு வந்து நின்றார். வயதில் சின்னவர், பயந்த சுபாவம். "பிரதர் ப்ரூவெட், இங்க ஒரு கையெழுத்து. 'கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன்'னு போட்டிருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார்.

ஆசகேல் பேனாவை மையில் தோய்த்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "என்னங்க, அன்னிக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை. ஏன் கெசையா?"

"வியாழக்கிழமைன்னா ஹேசல் ரன்ல ஜெபக்கூட்டம் உண்டுதானே?"

"உண்டு. ஒரு வாரம் தவறாது."

என் வீடு பிளம் மரங்களுக்குப் பின்னால், பத்தடி தூரம். போய் நோட்டை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்தேன். உரக்கப் படித்தேன். "ஆகஸ்ட் எட்டு, வியாழன். ஜெபக்கூட்டம். வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். இதோ பதினாலாவது, ஏலி ப்ரூவெட். பதினஞ்சாவது, அவர் மகன் ஆசகேல். அப்பாவும் பிள்ளையும் அன்னிக்கு ஹேசல் ரன்ல முழங்கால் போட்டிருந்திருக்கீங்க. அப்போ தோப்புல நின்னது யாரு?"

பிஷப் இருமினார். "ஒரு வேளை தேதி மாறியிருக்கும் சிஸ்டர்..."

"முத்து முத்தா எழுதியிருக்கார் பிஷப். தேதியை மாத்திப் போடற ஆள் மாதிரியா இருக்கு?"

ஆசகேல் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்குப் பதில் சொல்வார், கோபப்படுவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன்.

"கோல் எழுத்துதான்" என்றார். "எங்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். பொய் எழுத மாட்டார்." கண்ணாடியைக் கழற்றினார். "புக்குல இருக்குன்னா நான் அங்கதான் இருந்திருக்கேன்." பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு பசுவைப் பார்க்கப் போனார். பசுவுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை.

வாசலில் பிஷப் மெல்லச் சொன்னார்: "எத்தனை வருஷமா சொல்லிட்டு வந்தார்... கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம் சிஸ்டர்."

"பரலோகத்துப் புக்குல பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார். பட்டியலில் ஆசகேல் ப்ரூவெட் என்ற பெயருக்கு எதிரே 'இருக்கவில்லை' என்று மையால் எழுதினேன். ஒரு கீறல் நடுங்கவில்லை.

"இப்ப மனசு குளுந்துச்சா?" என்றாள் லொவைனா அக்கா.

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"உள்ளதைத்தான் சொன்னே. அதை இப்படியாடி, ஊரான் முன்னாடி செருப்பால அடிக்கிற மாதிரி சொல்லுவாங்க?"

அந்த ஆகஸ்டின் முதல் ஞாயிறு உபவாசக் கூட்டம். வெயில் ஜன்னல் வழியே விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் வழக்கம்போலச் சுருக்கமாக முடித்தார்கள். பிறகு எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு பெஞ்சு முனகியது. டென்மார்க்காரி இங்கபோர்க் திரும்பி அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள், 'ம், எழுந்திருங்க' என்பது போல. ஆசகேல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிஷப் தாங்கமாட்டாமல் முடிவுப் பாடலைச் சொன்னார். நான் என் கடமையைச் செய்தேன். 'பிரதர் ப்ரூவெட் பேசவில்லை' என்று எழுதினேன்.

பேசாமல் போனதோடு நின்றிருந்தால்கூட ஒரு நாள் சரியாகியிருக்கும். அவர் என்னிடம் கேட்க ஆரம்பித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பாலில் பிட்டுப் போட்டுக்கொண்டே, "நம்ம கல்யாணத்தன்னிக்குப் பனி பெஞ்சுதா? பெஞ்ச மாதிரி இருக்கு. எதுக்கும் உன் நோட்டைப் பாத்துச் சொல்லு" என்பார். முதலில் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து வெடுக்கென்று பதில் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது குத்தல் இல்லை என்று புரிந்தது. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் பழைய கதை கேட்டு மடியில் ஏறினால், "எனக்குச் சரியா ஞாபகம் இல்லடா, கெசையாகிட்டக் கேளு" என்று இறக்கிவிடுவார். ஒரு மனிதனுடைய வீட்டில் ஒரு செங்கல்லைத்தான் உருவினேன் என்று நினைத்தேன். அவர் எந்தச் சுவரிலும் சாயப் பயந்துபோனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் வருடம் பிப்ரவரியில் நெஞ்சுச் சளியோடு படுத்தார். ஒரு மத்தியானம் நான் சூப்பு ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை விலக்கினார்.

"கெசையா, அப்பா கை என் முதுகுல இருந்துச்சு. அது இப்பவும் தெரியுது. இந்த இடத்துல. ஆனா அந்த நாள் இல்லைன்னு ஆயிப்போச்சே. அப்போ அந்தக் கை எந்த நாளு? எந்த வண்டி? அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். எதையாவது. நாக்கு இருந்தும் எனக்கு வந்த பதில் "தெரியலீங்க" என்பதுதான். சரி என்று தலையாட்டிவிட்டு வாயைத் திறந்து காட்டினார், நான் சூப்பை ஊட்டினேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

மறு வருடம் நகரத்திலிருந்து இன்னொரு கடிதம். ஹேசல் ரன் குறிப்பேட்டுக்கு முழுப் பிரதி வேண்டுமாம். அந்த நோட்டைக் கையால் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் வேலை என்று வந்தால் தட்டிக்கழிக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்தேன்.

ஜனவரி முதல் வியாழன்: வந்திருந்தவர்கள் முப்பத்தொரு பேர். அடுத்த வியாழன்: முப்பத்தொரு பேர். அதற்கடுத்ததும். அதே பெயர்கள், அதே வரிசை. மார்ச் வந்தது, உழவு வந்தது, முப்பத்தொரு பேர். காய்ச்சல் பருவத்திலும் முப்பத்தொரு பேர். பேனாவைக் கீழே வைத்தேன். முப்பது வருடம் வருகை எழுதியவள் நான். ஒரு வாரம் பசு கன்று போடும், ஒரு வாரம் பிள்ளைக்குக் காது வலிக்கும், ஒரு வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு இருக்காது. வருடம் முழுக்க ஒருவர் குறையாமல் வருகிற சபை பூமியில் கிடையாது. மே மாதம் சிஸ்டர் மெகித்தபேல் ஹாட்லி இறந்தாள், அடக்கம் செய்தோம் என்று எழுதியிருந்தது. அடுத்த வியாழன் கூட்டத்துக்கு அவளும் வந்திருந்தாள், இருபத்திரண்டாவது பெயராக.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதே மை, அதே பேனா.

'முதல் புத்தகம் ஆறு கடக்கும்போது தண்ணீரோடு போயிற்று. நாற்பத்தாறாம் வருடக் குளிர்காலத்தில், முகாமில், இதை ஞாபகத்திலிருந்து எழுதினேன். யார் எந்த நாள் வந்தார்கள் என்று இனி எனக்குத் தெரியாது. எங்களில் ஒன்பது பேர் இப்போது மண்ணுக்குள் இருக்கிறார்கள். யாரையும் விட்டுவிட மனம் வராததால் எல்லாக் கூட்டத்திலும் எல்லாரையும் எழுதியிருக்கிறேன். தா. கோல்.'

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் ஒரே ஒரு பக்கத்தைப் பதம் பார்த்து ஒரு மனிதனை முடித்துவிட்டேன். கடைசிப் பக்கம் அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆசகேல் அந்தத் தோப்பில் இருந்தாரா? எனக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அறுபது வயதில் சொல்கிற கதையில் பதினைந்து வயதும் இருக்கும், மற்றவர்களிடம் கேட்டதும் இருக்கும். ஆனால் இல்லை என்று சொல்ல என் கையில் எதுவும் இருக்கவில்லை. 'தெரியாது' என்று எழுதவும் அதே அளவு மைதான் ஆகும்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு லொவைனா அக்காவிடம் ஓடினேன். அப்போது நாங்கள் இருவரும் அவள் வீட்டில்தான் இருந்தோம். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, ஞாபகமும் அங்கங்கே இற்றுப்போயிருந்தது. அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் அவளே பேசினாள்.

"வாடி. இப்பத்தான் அவரை நினைச்சுக்கிட்டிருந்தேன். எத்தனை சாட்சி சொன்னாலும், அந்த அம்பதாவது வருஷத்து ஆகஸ்ட்ல சொன்னாரு பாரு, அது மாதிரி வராது."

"எந்த ஆகஸ்ட்?"

"பள்ளத்தாக்குக்கு வந்து அம்பது வருஷம் கொண்டாடினோமே, அந்த வருஷம். சபையே அழுதுச்சே. அந்த டென்மார்க்காரி தேம்பித் தேம்பி அழுதா."

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். பழக்க தோஷம்.

"உன் நோட்டுல எழுதியிருப்பியே" என்றாள். "எடுத்துட்டு வந்து படி. எனக்குக் கேக்கணும் போல இருக்கு."

சபைக் குறிப்பேட்டை எடுத்துவந்தேன். ஆகஸ்ட் முதல் தேதியைத் திறந்தேன். என் கையெழுத்து, முத்து முத்தாக: பிரதர் ப்ரூவெட் பேசவில்லை. அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். "அப்போ எனக்குப் பதினஞ்சு வயசு..." ஒரு சொல் தடுமாறவில்லை. முப்பத்தைந்து ஆகஸ்ட் கேட்டவளுக்குத் தடுமாறுமா? சிறையும் தோப்பும் சக்கரமும் எல்லாம் வந்தது. அக்கா பட்டாணியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் அவள் உதடும் என்னோடு சேர்ந்து அசைந்தது. நான் நிறுத்தவில்லை. இதைக் கேட்க வேண்டியவர் ஒருவர்தான், அவர் கேட்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது.

படித்து முடித்ததும் அக்கா கேட்டாள்: "அவர் உக்காந்ததும் எல்லாரும் ஆமென் சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க."

"நீ?"

எத்தனை ஆகஸ்டோ வந்து போயிருக்கிறது. ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. அடுத்த பெயரை எழுதுகிற அவசரத்தில் இருப்பேன்.

"சொன்னேன்."

"சத்தமாவா? அவருக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அதையும் எழுதி வச்சிருக்கியா?"

"எழுதியிருக்கேன்க்கா" என்றேன்.